பூனை உள்ள வீட்டுக்கு அரேகா பாமா, சைகஸா?

நர்சரியில் இரண்டையும் 'பாம்' என்றே விற்பார்கள். பூனை வளர்ப்பவர்கள் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தோற்றம்: அரேகாவில் மூங்கில் மாதிரி பல தண்டுகள். சைகஸில் தடித்த ஒரே அடித்தண்டு, விறைப்பான கூர் இலைகள்.

நஞ்சு: அரேகாவில் இல்லை. நிறைய மென்றால் வாந்தி வரலாம், அவ்வளவுதான். சைகஸில் இலை, வேர் எல்லாமே நஞ்சு. விதை இன்னும் மோசம். அதிலுள்ள சைகாசின் என்ற நச்சுப்பொருள் கல்லீரலைக் கெடுக்கும், உயிரே போகலாம். பூனை கடித்துவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பராமரிப்பு: சைகஸ் வறட்சி தாங்கும். அரேகாவுக்கு ஈரம் வேண்டும், கடும் வெயில் ஆகாது.

பூனை இருந்தால் அரேகாதான். உயரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சைகஸை வாங்காதீர்கள், பூனை ஏறிவிடும். செல்லப்பிராணியோ சிறு குழந்தையோ இல்லாத, தண்ணீர் ஊற்ற நேரமில்லாத வீட்டுக்கு சைகஸ் சரி.