ஒரே எண்ணா, கூடிப் பேசுவதா?

உயிர், வலி, சுதந்திரம் எதற்கும் விலைச்சீட்டு கிடையாது. ஆனாலும் எது முந்தி, எது பிந்தி என்று சமூகங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிதாக இரண்டு வழிகள்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவருவது. மருத்துவத்தில் ‘தரம் சேர்த்த வாழ்நாள் ஆண்டு’ என்ற கணக்கு அப்படிப்பட்டது. முழு ஆரோக்கியத்தோடு ஓர் ஆண்டு வாழ்வதும், பாதி ஆரோக்கியத்தோடு 2 ஆண்டுகள் வாழ்வதும் இதில் சமம். (பாதி ஆரோக்கியம் எது என்று யார் சொல்வது? அங்கேதான் சிக்கல்.) அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1990-இல், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்துக்காக, கிடைக்கும் பலனையும் ஆகும் செலவையும் வைத்துச் சிகிச்சைகளை வரிசைப்படுத்தியது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கான உயிர்காக்கும் அறுவை சிகிச்சையை விட, பல்லுக்கு உறை போடுவது மேலே வந்து நின்றது! காரணம் எளிது: பல் வேலைக்குச் செலவு குறைவு. எதிர்ப்பு கிளம்பியது, பட்டியலை மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாவது வழி, குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பேசவைப்பது. அயர்லாந்து 2016-இல் 99 பேரை இப்படித் திரட்டியது. கருக்கலைப்பு பற்றி மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், அனுபவப்பட்ட பெண்கள் எல்லோரையும் அவர்கள் கேட்டார்கள். கருக்கலைப்புத் தடையைத் தளர்த்த அவர்கள் பரிந்துரைத்த மாற்றத்துக்கு 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் ஆதரவு. சரி, ஆனால் நூற்றுக்கணக்கான சிகிச்சைகளுக்கு இப்படிக் கூட்டம் போட முடியாது.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். எண்ணும் வேண்டும், பேசுபவர்களின் மேசைமேல் ஒரு தாளாக.