சீடெக் எம்எக்ஸ்எஸ் 5.0: பெரும்பாலும் நின்றே கிடக்கும் 911-க்கு ஏற்ற சார்ஜரா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பேட்டரி இறங்கிய பிறகுதான் கருவி தேடுகிறார்கள்; அப்போது கண்ணில் முதலில் படுவது, இறங்கிய பேட்டரியோடு நிற்கும் காரை உடனே கிளப்ப உதவும், கைக்கு அடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர்தான். நான் இரண்டையும் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று ஸ்வீடன் நிறுவனமான சீடெக் தயாரிக்கும் எம்எக்ஸ்எஸ் 5.0 என்ற சார்ஜர். இன்னொன்று பெயர் சொல்ல வேண்டாத ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர். கார் போர்ஷே 911, 997 வகை. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் சார்ஜரைத்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்குக் காரணம் சார்ஜரின் தரம் மட்டுமல்ல, இந்த வகைக் கார் பேட்டரி இறங்கினால் நடந்துகொள்ளும் விதமும்தான்.

சாதாரணக் காரில் பேட்டரி இறங்கினால் பானட்டைத் திறந்து, பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு, ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். 911-இல் பேட்டரி முன்பக்கச் சாமான் அறையில், முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மறைப்புக்குள் இருக்கிறது. அந்த அறையின் மூடியோ மின்சாரத்தால் திறப்பது. ஆக, பேட்டரியைத் தொட வேண்டுமானால் மூடி திறக்க வேண்டும். மூடி திறக்க வேண்டுமானால் பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். இந்தச் சிக்கல் போர்ஷேக்கு மட்டும் உரியதல்ல. 2005-இல் வந்த ஆறாம் தலைமுறை செவர்லே கார்வெட்டில் கதவே மின்சாரத்தால்தான் திறக்கும். பேட்டரி போனால் பின்புறச் சாவித் துளை வழியாகப் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் இழுப்பானைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

997-இல் மூடியைத் திறப்பதற்கு ஒரு மாற்று வழியைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். கதவைச் சாவியின் உலோகப் பகுதியால் திறக்கலாம், ஆனால் நிதானம் தேவை: இந்தக் கதவுக்குச் சட்டம் கிடையாது, கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சிறிது கீழே இறங்கி ரப்பர் பட்டையிலிருந்து விடுபட்ட பிறகே கதவு தாராளமாகத் திறக்கும். மின்சாரம் இல்லாதபோது கண்ணாடி இறங்காது. அவசரப்பட்டு இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடியும் சிராய்க்கும். கதவைத் திறந்தபின், கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் உள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால், உள்ளே வெளியே இழுக்கக்கூடிய ஒரு சிவப்பு முனை தெரியும். அதுதான் பாசிட்டிவ். ஜம்ப் ஸ்டார்ட்டரின் சிவப்புக் கிளிப்பை அதில் மாட்டி, கறுப்புக் கிளிப்பைக் கதவு பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கியில் கவ்வ வைக்க வேண்டும். கிளிப் பட்ட மறுகணம் அலாரம் அலறக்கூடும். திருட்டு நடப்பதாகக் கார் நினைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்தினால் அலாரம் அடங்கும். பிறகு இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள மூடித் திறப்பானை இழுத்தால், முன்னால் தாழ் விடுபடும் சத்தம் கேட்கும்.

இந்த முனையிலிருந்தே என்ஜினை ஸ்டார்ட் செய்ய முயலவே கூடாது. அந்த மெல்லிய இணைப்பு மூடியின் தாழைத் திறப்பதற்குப் போதுமான மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டது; ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அது தாங்காது. மூடி திறந்ததும் கிளிப்புகளை எடுத்து, பேட்டரியிலேயே நேராக மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்திருக்கும்போது முன்மூடியைச் சாத்திவிடக் கூடாது. சாத்தினால் மறுபடியும் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் தன் வேலையைச் செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் எண் ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைக் குறிப்பது. என்ஜினைச் சுழற்றும் சில நொடிகளுக்கு அது தொடர்ந்து எவ்வளவு தரும் என்ற எண்ணைப் பெட்டியில் எங்கும் காணோம். அதைவிட முக்கியமான குறை, பேட்டரி முற்றிலும் வற்றிப்போயிருந்தால் எதிரில் ஒரு பேட்டரி இருப்பதையே அது உணர்வதில்லை. அதற்கென்று கைமுறைப் பொத்தான் ஒன்று தந்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் முனை மாறி மாட்டுவதற்கும் தீப்பொறிக்கும் எதிரான பாதுகாப்பு அணைந்துவிடுகிறது. பாதுகாப்பு மிகத் தேவைப்படும் நேரத்தில் அதைக் கழற்றி வைக்கச் சொல்வது நல்ல வடிவமைப்பு ஆகாது. போதாததற்கு, இந்தக் கருவியையும் அவ்வப்போது சார்ஜ் செய்து வைக்க வேண்டும். காரையே மறந்து நிறுத்தி வைப்பவர் இதை நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

சரி, பேட்டரி ஏன் இறங்குகிறது? கார் பூட்டிக் கிடக்கும்போதும் அலாரம், ரிமோட்டுக்குக் காத்திருக்கும் ரிசீவர், கட்டுப்பாட்டுக் கணினிகளின் நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. அது 40 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர்-மணி. 30 நாளில் 29 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் இது நாற்பது சதவீதத்துக்கு மேல். பழைய பேட்டரி என்றால் அதன் உண்மையான கொள்ளளவு அட்டையில் எழுதியிருப்பதைவிடக் குறைவு, ஆகவே கணக்கு இன்னும் மோசமாகும். ஓய்வில் இருக்கும் பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்தால் 12.7 வோல்ட் முழு நிறைவு, 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் பெரிய என்ஜினைச் சுழற்ற அதற்குத் தெம்பு இருக்காது. பாதிக்கும் கீழே நாள்கணக்கில் கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாமல் போகிறது. ஜம்ப் ஸ்டார்ட்டரால் காரைக் கிளப்பிவிடலாமே தவிர இந்தச் சேதத்தைத் தடுக்க முடியாது. கிளப்பிய பின் அரை மணி நேரம் ஓட்டினால், என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் நிரப்பிவிடும் என்று நம்புவதும் வீண். காலியான பேட்டரி நிறைவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், காலி பேட்டரியை நிரப்பும் சுமை ஆல்டர்னேட்டருக்கும் நல்லதல்ல.

எம்எக்ஸ்எஸ் 5.0 இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளுக்கானது, உச்ச மின்னோட்டம் 5 ஆம்பியர், 1.2 முதல் 110 ஆம்பியர்-மணி வரையுள்ள பேட்டரிகளை ஏற்றும், 160 வரை உள்ளவற்றை நிறைவு குறையாமல் பராமரிக்கும். எடை சுமார் 600 கிராம். தூசியும் நீர்த்தாரையும் புகாதபடி ஐபி65 தரத்தில் மூடப்பட்டிருக்கிறது. எட்டுக் கட்டங்களாக வேலை செய்கிறது. முதலில் சல்பேட்டை உடைக்கும் மின்துடிப்புகள். பிறகு பேட்டரி மின்சாரத்தை ஏற்கிறதா என்று மெதுவாகச் சோதித்தல். அதன்பின் முழு மின்னோட்டத்தில் ஏற்றுதல். கடைசிப் பகுதியை மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே நிரப்புதல். ஏற்றிய மின்சாரம் தங்குகிறதா என்று பார்த்தல். வேண்டுமென்று நாம் தேர்ந்தெடுத்தால் மட்டும் 15.8 வோல்ட்டில் புத்துயிர் தரும் ஒரு கட்டம் உண்டு. அதற்குப் பிறகு 13.6 வோல்ட்டில் பத்து நாள் வரை தாங்கிப் பிடித்துவிட்டு, கடைசியாக 95 முதல் 100 சதவீதத்துக்குள் நிறுத்திவைக்கும் துடிப்பு நிலைக்கு மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்வதற்கு அடிப்படை இந்தக் கடைசிக் கட்டம்தான். பேட்டரி நிறைந்த பிறகும் ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய பாணி சார்ஜர்களை இப்படி விட்டுவைத்தால் அமிலநீர் வற்றிவிடும்.

சாதாரண நிலை 14.4 வோல்ட், அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரிக்கும் கடுங்குளிருக்கும் பனித்துகள் படம் போட்ட 14.7 வோல்ட் நிலை. காரில் இருப்பது எந்த வகை என்று பேட்டரியின் மேலட்டையில் பார்த்துவிட்டு ஒருமுறை பொத்தானை அழுத்தி வைத்தால் போதும். புத்துயிர்க் கட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது ஆழமாக இறங்கிப்போன திரவ வகை பேட்டரிகளுக்கானது. அந்த மின்னழுத்தத்தைக் காரின் மின்னணுச் சாதனங்களோடு சேர்த்துக் கொடுப்பதைவிட, பேட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்வதையே விரும்புகிறேன்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்தது சார்ஜரே அல்ல, அதோடு வரும் வளைய முனைகள் கொண்ட சிறிய கேபிள். அதைப் பேட்டரியின் முனைகளில் நிரந்தரமாக முடுக்கிவிட்டு, மறுமுனையை மூடியின் விளிம்பு வழியாக, ரப்பர் பட்டை நசுங்காத இடமாகப் பார்த்து வெளியே எட்டும்படி விட்டு வைக்கலாம். காரை நிறுத்தியதும் அதில் சார்ஜரின் வயரைச் செருகினால் வேலை முடிந்தது. கிளிப் மாட்டும் வேலையும் இல்லை, மூடியைத் திறந்தே வைக்கும் தேவையும் இல்லை. எப்போதாவது பேட்டரி இறங்கிவிட்டாலும், ஃபியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல், சாத்திய மூடிக்கு வெளியிலிருந்தே மின்சாரம் செலுத்த இது வழி வைக்கிறது. பேட்டரியை எட்ட முடியாத இடத்தில் வைத்திருக்கும் எந்தக் காருக்கும், வேறு எதையும் வாங்காவிட்டாலும் இந்தக் கேபிளையாவது போட்டுவைக்க வேண்டும் என்பேன்.

குறைகளும் உண்டு. எண்களைக் காட்டும் திரை இல்லை. விளக்குகளின் வரிசையைப் பார்த்துத்தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய வேண்டும், எத்தனை வோல்ட் என்று தெரிந்துகொள்ள மல்டிமீட்டர் தனியாக வேண்டும். 5 ஆம்பியர் என்பது பராமரிப்புக்குத் தாராளம், மீட்புக்குக் குறைவு: முற்றிலும் காலியான 70 ஆம்பியர்-மணி பேட்டரியை எண்பது சதவீதம் வரை கொண்டுவரவே கணக்குப்படி பதினோரு மணி நேரத்துக்கு மேலாகும். காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. அங்கே ஜம்ப் ஸ்டார்ட்டர்தான் வேண்டும். பேட்டரியின் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் இந்தச் சார்ஜரும் வேலையைத் தொடங்காது. காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்களில் அது முடியாது. கையால் கியர் மாற்றும் கார்களிலும் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய்ச் சேரும். பெட்ரோலைவிட அந்தக் கன்வெர்ட்டர் எவ்வளவு விலை கூடியது என்று உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி முற்றிலும் இறங்கிய பின்போ மாற்றிய பின்போ கதவுக் கண்ணாடிகள் தங்கள் மேல் எல்லையை மறந்துவிடும். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி, பொத்தானைச் சற்று நேரம் பிடித்திருந்தால் மறுபடியும் கற்றுக்கொள்ளும். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுமையாக ஒருமுறை திருப்பினால், எச்சரிக்கை விளக்குகளில் சில அணையும். இவையெல்லாம் பழுது என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டாம்.

கடைசியாக ஒரு பிரிவினர் இந்தச் சார்ஜரை வாங்கவே கூடாது. 2010 முதல் போர்ஷே தன் 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ், பாக்ஸ்டர் ஸ்பைடர் கார்களுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகத் தந்தது. அதன் எடை 6 கிலோவுக்கும் குறைவு. 60 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைவிட 10 கிலோவுக்கு மேல் இலேசானது. கடுங்குளிரில் அதன் திறன் குறையும் என்பதால் சாதாரண பேட்டரி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். இந்த இரண்டில் எது காருக்குள் மாட்டப்பட்டிருக்கிறது என்று, பழைய காராக வாங்கியவர்கள் மறைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சார்ஜர் தேட வேண்டும். லித்தியமாக இருந்தால், சல்பேட்டை உடைக்கும் மின்துடிப்பும் 15.8 வோல்ட்டும் அதற்கு ஆகாது. சீடெக்கிலேயே லித்தியத்துக்கென்று தனிச் சார்ஜர் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.