ஊர் ஷோரூமா, திருச்சிக் கொட்டேஷனா? காரைக்குடியில் கார் விலை பேசிய கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் பேரம் பேசிப் பழகியவர்களுக்குக் கார் ஷோரூமில் வாய் எழும்பாது. அந்தத் தெருவில் ஒரு எனாமல் தூக்குச்சட்டியின் விலை, கடைக்காரர் நம் செருப்பையும் பேச்சையும் பார்த்துச் சொல்வது. பாதி விலைக்குக் கேட்கலாம், எழுந்து வாசல்வரை போகலாம், திரும்பக் கூப்பிடுவார். காருக்கோ விலை அச்சடித்து வருகிறது. ஏசி, காபி, மெத்தை நாற்காலி. எதிரே அடையாள அட்டை மாட்டிய பையன், "சார், பிரைஸ் கம்பெனி ஃபிக்ஸ் பண்றது, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறான். அவன் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியைத்தான் பேச வேண்டும்.

போன கார்த்திகையில் எங்கள் பதினோரு வருடப் பழைய காரை மாற்ற முடிவு செய்தோம். கூட வந்தவர் பெரியப்பா. ஜவுளிக்கடையில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். பையன் கொட்டேஷன் தாளின் கடைசி வரியை வட்டம் போட்டுக் காட்டினான்: ஆன்-ரோடு, அதாவது எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டில் இறங்கும் விலை, 10,42,500. பெரியப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளின் நடுவே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே எக்ஸ்-ஷோரூம் விலை (ஆயுள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை) 8,40,000, ஆயுள் வரி 1,09,200, பதிவுக் கட்டணமும் ஃபாஸ்டாகும் சேர்த்து 2,500. கீழே இன்சூரன்ஸ் 46,500, ஆக்சஸரீஸ் 22,000, எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,300, ஹேண்ட்லிங் சார்ஜ் 8,000.

"மேல இருக்கிறது கம்பெனிக்கும் கவர்மெண்டுக்கும். கீழ கூட்டிப் பாரு, 90,800. நம்ம பேச்சு இங்கதாம்ப்பா."

அந்தக் கோட்டைப் போட்ட பிறகுதான் ஒரு ஷோரூமை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தம் வந்தது. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால், ஒருவர் வாரண்டியைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். யார் மலிவு என்றே தெரியாது.

மேல் வரிகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி மாறியது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். ஆகவே 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. "இன்னும் முப்பதாயிரம்தான் சார், சன்ரூஃப் வந்திடும்" என்று மேல் மாடலுக்கு இழுத்தால் 10,20,000-க்கு வரி 1,83,600. முப்பதாயிரம் சன்ரூஃபுக்கு வரி மட்டும் 54,900 கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கில் திரும்ப வரவு வைக்கக்கூடியது என்றாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கிவிட்டது. அதற்கு முந்திய கொட்டேஷனை மச்சினன் கொடுத்தான் என்று வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

மதுரை, திருச்சி, ஊர்

இங்கே எல்லாரும் முதலில் சொல்வது, "மதுரைக்குப் போ, பெரிய ஊரு, குறைச்சுத் தருவான்." போனேன். நான் பார்த்த காரைக்குடி ஷோரூமே அந்த மதுரை நிறுவனத்தின் கிளை. மதுரை மேனேஜர் என் பெயரைக் கணினியில் தட்டிவிட்டு, "ஏற்கெனவே காரைக்குடியில என்கொயரி இருக்கே சார்" என்றார். அதோடு சரி. ஒரே முதலாளியின் இரண்டு கடைகள் ஒன்றுக்கொன்று போட்டி போடாது. 90 கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் போனிலேயே முதலாளி யார் என்று கேட்டுவிடுங்கள்.

திருச்சி வேறு முதலாளி. தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் போகவில்லை. போன், வாட்ஸ்அப்போடு முடிந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை அதே, வரியும் நம் முகவரிப்படி அதே. தள்ளுபடி மட்டும் 27,000. காரைக்குடியில் அப்போது சொன்னது 18,000. திருச்சித் தாளைக் காட்டியதும் ஊர் மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். இரண்டு காபி கழித்து 25,000 ஆனது.

அந்த இரண்டாயிரத்துக்காகத் திருச்சி போகலாமா? நான் போகவில்லை. அங்கே வாங்கினால் தற்காலிகப் பதிவு, அப்புறம் நம் ஊர் அலுவலகத்தில் நிரந்தரப் பதிவு என்று அலைச்சல் வரக்கூடும். போக்குவரத்துச் செலவிலேயே இரண்டாயிரம் கரைந்துவிடும். வித்தியாசம் பத்தாயிரமாக இருந்திருந்தால் கட்டாயம் பஸ் ஏறியிருப்பேன். "இங்க வாங்கினாத்தான் சார் சர்வீஸ் நல்லாப் பார்ப்போம்" என்று ஊரில் சொல்வதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பெனி வாரண்டி எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். அது சலுகை இல்லை, லேசான மிரட்டல்.

மஞ்சப்பையா, லோனா

பெரியப்பாவுக்கு ஒரு நம்பிக்கை: முழுத்தொகையையும் ரொக்கமாக மேஜையில் வைத்தால் விலை தானாக இறங்கும். மஞ்சப்பையோடுதான் வருவேன் என்று நின்றார். முதலாவது, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு 2017 ஏப்ரல் முதல் சட்டத்தில் இடமில்லை. மாட்டினால் ரொக்கத்தைக் கையில் வாங்கிய கடைக்காரருக்கு அதே அளவு அபராதம். இரண்டாவது, ஷோரூமுக்கு லோன் போடுபவரைத்தான் பிடிக்கும். பேங்கிலிருந்து அவர்களுக்குக் கமிஷன் வருகிறது. செக் கொடுக்கிறேன் என்று நான் சொன்னதும் பையன் முகம் வாடியதைப் பெரியப்பா நம்பவே இல்லை.

லோன் எடுப்பவர்கள் இதையே ஆயுதமாக்கலாம்: முதலில் தள்ளுபடியை எழுதி வாங்கிவிட்டு, லோன் பேச்சைக் கடைசியில் எடுங்கள். வட்டி "7 பர்சென்ட்தான்" என்றால் ஃபிளாட்டா (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி), குறையும் அசலுக்கா (கட்டக் கட்ட மீதி அசலுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 5 வருடத்துக்கு 7 சதவீத ஃபிளாட் என்பது குறையும் அசல் கணக்கில் ஏறக்குறைய 12½ சதவீதம். வட்டிக் கணக்கில் பர்மா வரை போய்வந்த சீமையில் இதற்கு ஏமாறுவது அழகில்லை.

இன்சூரன்ஸ்: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய வரி

அதிகக் கொழுப்பு இருந்தது இங்கேதான். ஷோரூமில் எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். அந்தத் தொகையை நிர்ணயிப்பது அரசு, எங்கே போனாலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் நம் காரின் சேதத்துக்கான பகுதியில். ஒப்பிடும்போது ஐ.டி.வி.யை, அதாவது கார் திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ கம்பெனி கணக்கில் எடுக்கும் காரின் மதிப்பை, சமமாக வைத்துக்கொள்ளுங்கள். புதுக் காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம், எங்களுக்கு 7,98,000. ஐ.டி.வி.யை இறக்கிவிட்டு "பாருங்க, எவ்வளவு கம்மி" என்று காட்டுகிற ஏஜெண்டுகளும் உண்டு. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளைம் தரும் சேர்க்கை) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் யாரும் வாய் திறக்காத விஷயம் நோ கிளைம் போனஸ். அது காருக்குச் சேர்ந்தது அல்ல, ஆளுக்குச் சேர்ந்தது. தொடர்ந்து 5 வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியிருந்தால் சேதப் பகுதி பிரீமியத்தில் 50 சதவீதம் கழியும். பழைய காரைக் கொடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கிப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் பழைய கார் நான்கு வருடமாகக் கிளைம் பார்க்கவில்லை, 45 சதவீதம். ஷோரூம் பையனிடம் கேட்டபோது, "அதெல்லாம் பழைய வண்டியோட போயிடும் சார்" என்றான். வெளியே அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப், 32,700.

ஆக்சஸரீஸ் விஷயம் சின்னது. "22,000 மதிப்புள்ள கிட்" என்றார்கள். மேட், சீட் கவர், மட் ஃபிளாப் மூன்றும் ஊர்க் கடையில் 6,900. ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியைக் கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எடுத்தால் போதும் என்று கையேட்டிலேயே இருந்தது, தள்ளிவைத்தோம்.

பழைய காருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். போனஸோடு சேர்த்து அவர்கள் சொன்ன விலையைவிடத் தேவகோட்டைக்காரர் ஒருவர் 35,000 கூடக் கொடுத்தார். பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. நகல் கைக்கு வரும்வரை அவரை விடாமல் போனில் பிடித்தேன், அது தொல்லைதான். தொல்லை வேண்டாம் என்பவர்கள் எக்ஸ்சேஞ்சிலேயே கொடுக்கலாம், தப்பில்லை.

கார்த்திகையா, மார்கழியா

வருடக் கடைசியில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில்தான், கடைக்காரர் கை இளகும். ஜனவரி பிறந்தால் அது "போன வருட வண்டி". நம் பக்கத்துச் சங்கடம், அது மார்கழி. ஆடிக்கும் இதே கதை: யாரும் வாங்க வரமாட்டார்கள், அதனாலேயே ஆஃபர் போடுவார்கள். கார்த்திகையிலேயே எடுத்தால் 25,000 தள்ளுபடி. டிசம்பர் கடைசி என்றால் மேலும் 12,000.

அப்பத்தாவிடம் கேட்டேன். "பில்லுல என்ன மாசம்னு பிள்ளையாரு படிச்சுப் பார்க்கப் போறாராக்கும். வண்டி வாசலுக்கு வர்ற நாளுதான்டா கணக்கு. தையில கொண்டா." ஆகவே டிசம்பர் 29-இல் பில், தை பிறந்து வண்டி. இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் அவர்கள் முற்றத்தில் நிற்கும் என்பதால், அன்றைக்குக் கிலோமீட்டர் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

வருடக் கடைசி வண்டியில் ஒரு கண்ணி உண்டு. எப்போது செய்த வண்டி என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். முதலில் காட்டிய வெள்ளை வண்டியின் டயர் அருகே பெரியப்பா முழங்கால் போட்டு உட்கார்ந்து, ரப்பரின் ஓரத்தில் இருந்த நான்கு எண்களை விரலால் தடவிப் படித்தார்: 0925. 2025-இன் ஒன்பதாவது வாரம், அதாவது மார்ச்சை ஒட்டி. டயர் தேதியும் வண்டி தேதியும் ஒன்றல்ல, ஆனால் வண்டி வெகுநாள் வெயிலில் நின்றிருக்கிறது என்று மோப்பம் பிடிக்க அது போதும். சேஸிஸ் எண்ணை வைத்து மாதம் கேட்டோம், மார்ச்தான். அடுத்த வரிசையில் அக்டோபரில் செய்த சாம்பல் நிற வண்டி இருந்தது. எனக்கு வெள்ளைதான் பிடித்திருந்தது, பெரியப்பா விடவில்லை.

கடைசிக் கணக்கு: மேல் வரிகள் 9,51,700, தள்ளுபடி போக 9,14,700. இன்சூரன்ஸும் ஊர்க் கடை மேட்டும் சேர்த்து 9,54,300. முதல் தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் 88,200. அதில் பேரம் பேசிக் கிடைத்தது 37,000. மீதி 51,200, கோட்டுக்குக் கீழே இருந்த வரிகளில் "இது வேண்டாம், அது வெளியே எடுத்துக்கிறேன்" என்று சொன்னதில் வந்தது.

தை மூன்றாம் நாள் டி.என். 63 பலகையோடு பிள்ளையார்பட்டிக்குப் போனோம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பின் சீட்டில் இருந்த பெரியப்பா, கோவில் வாசலில் பூசைக்கு வரிசையாக நின்ற இன்னொரு புது வண்டிக்காரரிடம் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "தம்பி, ஹேண்ட்லிங் சார்ஜுன்னு எதுவும் கட்டினீங்களா?"