மூன்றாவது முறை கரு வைக்கப் பணம் கட்டுமுன் உங்கள் ஃபைலைக் கையில் வாங்கிவிடுங்கள்

பினாங்கில் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளினிக் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

எனக்கு 36 வயது. 2 முறை கரு வைத்தார்கள், 2 முறையும் நெகடிவ். இரண்டாவது முடிவு போனில் வந்தபோது பிறைக்குத் திரும்பும் வழியில் பினாங்குப் பாலத்தில் இருந்தோம். வண்டியை ஓரம்கட்டக்கூட முடியவில்லை.

மறுவாரம் போய், ஏன் ஒட்டவில்லை என்று டாக்டரிடம் கேட்டோம். "சில நேரம் அப்படித்தான்" என்று சொல்லிப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஆலோசகர், நம் தமிழ்ப்பிள்ளைதான், ஒரு தாளை நீட்டியது. உறைய வைத்த 2 கருக்கள் மிச்சம் இருந்தன. அதில் ஒன்றை வைக்க 7,000 வெள்ளி (ரிங்கிட்). அதற்குக் கீழே, கர்ப்பப்பை எப்போது தயார் என்று பார்க்கும் ஈஆர்ஏ சோதனை 4,500, நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் பிஆர்பி 2,500, நரம்பில் ஏற்றும் இன்ட்ராலிப்பிட் 2 பை 1,600, கருவை வைக்கும்போது சேர்க்கும் எம்ப்ரியோ குளூ திரவம் 800. மொத்தம் 16,400. "மாசக் கடைசிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணுனா 10 பெர்சன்ட் கழிவு இருக்குக்கா. ஈபிஎஃப் சேமநிதியில செஜாத்ரா கணக்குல எடுத்துக்கலாம்." தீபாவளி மலிவு விற்பனை மாதிரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, 1,000 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டுத்தான் வந்தோம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இன்ட்ராலிப்பிட் என்பது சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்ந்த, பால்போல் வெளுத்த திரவம். சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஏற்றுவது. அது கருவை ஒட்ட வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஈஆர்ஏ பற்றி 2022இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 700க்கும் மேற்பட்ட பெண்கள். சோதித்து நேரம் குறித்து வைத்தும் கூடுதலாகக் குழந்தை பிறக்கவில்லை. குளூவுக்காவது ஓரளவு ஆதாரம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

வேறொரு டாக்டரிடம் காட்டலாம் என்று ஃபைலைக் கேட்டால் 3 வாரம் இழுத்தார்கள். டாக்டர் லீவு, ஸ்டாஃப் லீவு. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது 586வது சட்டம், அதன் விதிகளின்படி கேட்கிறேன் என்று மின்னஞ்சல் போட்ட பிறகே அசைந்தார்கள்.

புது டாக்டர் என் பழைய எச்எஸ்ஜி எக்ஸ்ரேயை (கர்ப்பப்பைக்குள் சாயம் விட்டுக் கருக்குழாயைப் பார்க்கும் படம்) வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல் முறைக்கும் முன்னால் எடுத்த படம் அது. வலது கருக்குழாய் குட்டிக் கத்தரிக்காய்போல உப்பியிருந்தது. "யாரும் இதச் சொல்லலியா?"

குழாயில் நீர் கோத்திருக்கிறது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் கரு தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுமாம். முதலில் லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) அந்தக் குழாயை எடுப்பது அல்லது அடைப்பது, பிறகு கரு வைப்பது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை, மருத்துவப் புத்தகத்தில் பல வருடமாக இருப்பது. மிச்சமிருந்த இரண்டையும் அதே நீரில்தான் விட்டிருப்போம்.

கேட்டு வாங்க வேண்டியவை: எச்எஸ்ஜி படமே (ரிப்போர்ட் மட்டும் போதாது), ஸ்கேன், கருக்களின் தரக் குறிப்பு, ஊசி மருந்து அளவு, கணவரின் விந்துப் பரிசோதனை.

ஆபரேஷன் அடுத்த மாதம். மாமியார் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் நேர்ந்திருக்கிறார், அங்கே மட்டும் முன்பணம் கேட்கவில்லை. கிளினிக்கில் கட்டிய 1,000 வெள்ளியை "அட்மின் சார்ஜ்" என்று பிடித்துக்கொண்டார்கள். சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.