ஏசி சர்வீஸ் ஆட்களுக்கு யாம்மர் உதவுமா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

அம்பத்தூரில் ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கொரோனாவுக்கு முன்பே எங்கள் டெக்னீஷியன்களை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து யாம்மருக்கு மாற்றினோம். ஒரு கம்பெனி ஆட்கள் தங்களுக்குள் பதிவு போட்டுப் பேசிக்கொள்ளும் தளம் அது. 2008இல் வந்த யாம்மரை 2012இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இப்போது அதன் பெயர் விவா என்கேஜ். எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் யாம்மர்தான்.

வாட்ஸ்அப்பில் பதில் உடனே வரும், குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பழுது அடுத்த வெயில் காலத்தில் திரும்ப வந்தால், பழைய பதில் குட்மார்னிங் படங்களுக்கும் லொகேஷன்களுக்கும் அடியில் கிடக்கும். தேடி எடுப்பதற்குள் கஸ்டமர் நாலு தடவை போன் செய்துவிடுவார்.

யாம்மரில் கேள்வியாகவே பதிவு போட்டு, சரியான பதிலைச் 'சிறந்த பதில்' என்று குறிக்கலாம். இந்த ஒரு வசதிக்கே அதை வைத்திருக்கிறோம். திருவான்மியூர் சைட்டிலிருந்து ஒரு பையன் கேட்டிருந்தான்: "அண்ணா, ஹை பிரஷர்ல ட்ரிப் ஆகுது. கேஸ் சரியாத்தான் இருக்கு."

மூத்த டெக்னீஷியன் பதில்: "தம்பி, முதல்ல அவுட்டோர் காயிலைப் பாரு. கடல் காத்துல உப்பும் தூசியும் அடைச்சிருக்கும். பவரை ஆஃப் பண்ணு, நல்ல தண்ணி விட்டு அலசு. அப்புறம் கேஜ் வை."

பட்டினப்பாக்கம், நீலாங்கரை பக்கம் போகிற புதுப் பையன்களுக்கு இன்றும் இந்தப் பதிலைத்தான் அனுப்புகிறோம்.

இதை அவர் டைப் செய்யவில்லை. போனில் சொன்னார், ஆபீசில் ஒருவர் எழுதி ஏற்றினார். மூத்தவர்களை "நீங்களே போடுங்க சார்" என்று நச்சரித்தால் ஒன்றும் நடக்காது. கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும். மாடல் நம்பர், எரர் கோடு இரண்டையும் சேர்ப்பதும் அவர் வேலைதான். இல்லாவிட்டால் ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கில எழுத்திலும் போட்டது தேடலில் சிக்காது.

மாதம் இத்தனை பதிவு என்று மேலிடம் ஒருமுறை டார்கெட் வைத்தது. வந்ததெல்லாம் ஃபார்வேர்டு. பிறந்தநாள் வாழ்த்துகளுக்குத் தனிக் குழு போட்ட பிறகுதான் மூச்சு விட்டோம்.

ஸ்லாக் என்ற ஆபீஸ் சாட் ஆப்பின் இலவசப் பதிப்பு போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதில் 90 நாளுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது. போன வருடப் பழுதைத் தேடுகிற எங்களுக்கு அது சரிப்படாது.

யாம்மர் மாதிரியே இருந்த தன் வொர்க்பிளேஸ் சேவையை மூடப்போவதாக மெட்டா 2024இல் அறிவித்தது. நாளைக்கு யாம்மருக்கும் அப்படி ஆனால் என்ன செய்வது என்று, அதிலிருந்து நல்ல பதில்களை ஒரு எக்செல் ஷீட்டிலும் ஏற்றி வைக்கிறோம்.