குடிபெயர ஏற்ற ஊரா கோயம்புத்தூர்? இரண்டாண்டு வாசத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

படிப்பு முடிந்த கையோடு எனக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. சென்னையில் மாதம் நான்காயிரம் ரூபாய் கூடுதல் சம்பளம். கோயம்புத்தூரில் அது குறைவு. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு முழுவதும் அந்த நான்காயிரத்தைப் பற்றியே இருக்க, அம்மா மட்டும் "அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகள் கோவையில் குடியிருந்தபின் சொல்கிறேன், ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கவேண்டிய முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.

இங்கே வீடு பார்க்கப் போகிறவர் "எந்தத் தண்ணி வருதுங்க?" என்று விசாரிப்பது வழக்கம். நகரின் மேற்குப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிறுவாணித் தண்ணீரும், கிழக்கிலும் வடக்கிலும் பல பகுதிகளுக்குப் பவானி ஆற்றின் பில்லூர் அணைத் தண்ணீரும் வருகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீருக்கு உப்புத் தண்ணி என்று பெயர். குளிக்கவும் துவைக்கவும் அதற்குத் தனிக் குழாய் இருக்கும். வடவள்ளியில் உடன் வேலை செய்யும் தோழியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, அவருடைய பாட்டி குழாயிலிருந்து நேராகப் பிடித்த சிறுவாணித் தண்ணீரைச் சொம்பில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்கு இப்படி ஒரு இனிப்பு இருக்க முடியும் என்பது, லாரிக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் குழாயில் இது தினமும் வருவதில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது பகுதிக்குப் பகுதி மாறும். ஆகவே வீட்டுக்காரரைக் கேட்பதோடு நிற்காமல், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. முதல் எட்டு மாதங்கள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். சாப்பாடு குறை சொல்ல முடியாதது. வாரம் ஒரு முறை நெய் விட்டுத் தந்த அரிசிப்பருப்புச் சாதம் இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் காலி செய்யும்போது, ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கவில்லை என்று முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு விதி இருப்பதைச் சேரும்போது யாரும் சொல்லவில்லை, ரசீதிலும் அது இல்லை. எனவே எந்த விடுதியானாலும், முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதன்பின் தோழியர் இருவரோடு வாடகை வீடு தேடியபோதுதான் ஊரின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். கொங்குப் பேச்சின் மரியாதை உண்மையானது. பேருந்து நடத்துநர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லோரும் "சொல்லுங்க", "வாங்க" என்று வயதில் சிறியவளான என்னிடமும் பேசுவது மனத்துக்கு இதமாக இருந்தது. ஆனால் பார்த்த ஒன்பது வீடுகளில் நான்கில் அதே மரியாதைக் குரலில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியைக் கேட்டார்கள். ஒருவர் பதிலுக்குக் காத்திருந்தார். நாங்கள் சொல்லாமல் நின்றபோது, வீட்டைத் தம் உறவினருக்குப் பேசி வைத்திருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். இதைக் கோவைக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இங்கே வருகிற இளையவர்கள், குறிப்பாக மணமாகாதவர்கள், வீடு தேட ஒரு மாதமாவது ஒதுக்கிக்கொள்ள வேண்டும். முன்பணத்தைப் பொறுத்தவரை, 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஐந்து மாதம் கேட்டவரிடம் இதைப் பணிவாகச் சொல்லி, மூன்றுக்கு ஒப்புக்கொள்ள வைத்தோம்.

போக்குவரத்துதான் ஊரின் பெரிய பலவீனம். சென்னையைப் போல இங்கே நகருக்குள் மின்சார ரயில் கிடையாது. வெளியூர்ப் பேருந்துகளும் திசைக்கு ஒரு நிலையத்தில் வந்து நிற்கும். மதுரையிலிருந்து வரும் பேருந்து என்னை அதிகாலை நான்கரைக்குச் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊரின் மறுமூலையிலுள்ள என் வீட்டுக்குப் போக, காந்திபுரம் சென்று வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. ஆனால் தனியார் பேருந்துகளும் நிறைய ஓடும் ஊர் இது, அவற்றில் அச்சலுகை செல்லாது. என் தடத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல் இரண்டுமே அரிது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் சொந்த வண்டி உள்ளவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது. நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்கூட்டி வாங்கிய பிறகுதான் இந்த ஊர் எனக்குத் திறந்தது. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

வண்டி வந்தபின் கிடைத்தது மாலை நேரம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த என் வகுப்புத் தோழி வீடு வந்து சேரும்போது எட்டரை ஆகிறது. நான் ஏழு மணிக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இருப்பேன், அல்லது தள்ளுவண்டியில் வெங்காயமும் மல்லித்தழையும் தூவிய காளானை ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் துப்பட்டா நிற்காது, மின்விசிறியும் தேவைப்படாது. விட்டுக்கொடுத்த நான்காயிரத்துக்கு ஈடாக நான் வாங்கிய பொருள் இதுவே, இன்றுவரை அதில் வருத்தமில்லை.

இருந்தாலும் யார் வரலாம் என்பதில் எச்சரிக்கை தேவை. பம்புசெட், மோட்டார், வார்ப்பாலை, நூற்பாலை, மருத்துவமனை ஆகிய துறைகளில் இருப்பவருக்கு ஒரு வேலை போனால் இன்னொன்று இதே ஊரில் கிடைக்கும். விளாங்குறிச்சி டைடல் பூங்காவும் சரவணம்பட்டி வளாகங்களும் இருப்பதால் மென்பொருள் துறையினருக்கும் ஓரளவு வழி உண்டு. ஆனால் பதிப்பகம், திரைப்படம், செய்தித் துறை போன்றவற்றை நாடுகிறவர்கள் சென்னைக்குப் போவதே நல்லது. என்னோடு விடுதியில் இருந்த ஒருவர் விளம்பரப் படங்களுக்குப் படத்தொகுப்பு செய்பவர். வேலை நின்றதும் நான்கு மாதம் இங்கேயே தேடிப் பார்த்துவிட்டு, கண்கலங்கச் சென்னைக்கு ரயிலேறினார். வேலையை உறுதி செய்துகொண்டு வருகிறவரை இந்த ஊர் நன்றாக வைத்துக்கொள்ளும். வந்தபின் தேடலாம் என்று புறப்படுகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிகிறது. அதை இதே வீட்டில் புதுப்பிக்க முடிவு செய்திருக்கிறோம். பில்லூர்த் தண்ணீர் வரும் நாளில் தரைத்தொட்டி நிரம்பவேண்டும் என்பதை மட்டும் இம்முறை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.