கோத்தகிரியில் வளைத்த இரண்டு குழாய்கள்

இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக. அது நல்லபடியாக முடிந்தது, எழுத ஒன்றும் இல்லை. கோவை ஏர்போர்ட்டில் எடுத்த வாடகைக் காருக்கு இ-பாஸ் போட்டதும் ஐந்து நிமிஷ வேலைதான். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியாது என்பதை மட்டும் வரப்போகிறவர்கள் மறக்க வேண்டாம். நான் சொல்ல வந்தது மச்சானுடைய பிக்கப் கதை.

மச்சான் கோத்தகிரி பக்கம் குத்தகை நிலத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறார். முழங்கால் வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும், பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். ஆட்டோமேட்டிக் கியர். "மலைக்கு எவனாவது ஆட்டோமேட்டிக் வாங்குவானா" என்று ஊரே கேட்டதாம். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு, கோழி எருவை ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் திரும்பினோம்.

கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டிச் சில வளைவுகளில் கருகிய வாசனை. முதலில் எருவின் மேல் பழியைப் போட்டோம். அடுத்த ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் ரோட்டில் சிவப்புக் கோடு.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோ பக்கம். அங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அது வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பிரேக் பைப், கியர்பாக்ஸ் கூலர் லைன் எல்லாம் துருப்பிடித்து ஒழுகும். கடையில் கொடுத்தால் கூலி கட்டாது என்று வீட்டு வாசலிலேயே படுத்து இந்த லைன்களை நானே செய்திருக்கிறேன். அதனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது: ஒழுகுவது கியர்பாக்ஸ் எண்ணெய்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை. அந்த எண்ணெயின் அழுத்தத்தில்தான் கியரே விழுகிறது. பாரத்தோடு மெதுவாக மலை ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம்) வழுக்கிச் சுழன்று எண்ணெயைச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். அதை ஆற்ற, கியர்பாக்ஸிலிருந்து முன்பக்கம் ரேடியேட்டருக்கு இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. கூலர் லைன் என்பது இவைதான். ஒன்று சூடான எண்ணெயைக் கொண்டுபோகும், மற்றது ஆறியதைத் திருப்பிக் கொண்டுவரும். மச்சானுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர், சூடான பக்கத்தில் டீசல் ஹோஸ் துண்டைச் சொருகி திருகி இறுக்கும் ஜூப்ளி கிளிப்பால் இறுக்கியிருந்தார். சூட்டில் அது அப்பளம் மாதிரி விறைத்து வெடித்திருந்தது. இன்னொரு குழாயில் கிளாம்ப் கழன்றுபோய், வண்டியின் சேஸ் சட்டத்தில் உரசி உரசி ஒரு பக்கம் தாளாகத் தேய்ந்திருந்தது. அதுவும் ஒரு மாதம் தாங்கியிருந்தால் அதிகம்.

கீழே உள்ள ஷோரூமுக்குப் போன் போட்டோம். லைன் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என் லீவில் மிச்சம் இருந்ததே பன்னிரண்டு நாள். ஆனால் அவர்கள் சொன்ன ஒன்று சரி: வண்டியைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸ் பம்ப் ஓடாது, உள்ளே எண்ணெய் போகாது, மிச்சம் இருப்பதும் கெடும். தட்டு வைத்த ரெக்கவரி வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தது. கீழே இறங்க ஒரு தொகை, மேலே ஏற ஒரு தொகை சொன்னான் அதன் டிரைவர். ஏன் என்று கேட்டதற்கு, "மேல போனா காலியா இறங்கணுமுங்க" என்றான். சரிதான்.

கோத்தகிரியில் போய்ச் சேர்ந்த இடம் ஒரு லேத் பட்டறை. தேயிலை ஃபேக்டரிகளில் இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி ரோலர்களுக்குப் பல் வெட்டிக் கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. ஓரமாக ஜே.சி.பி ஹோஸ்களுக்கு முனை நசுக்கிப் பூட்டும் மெஷின் ஒன்றும் உண்டு. மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்தார்.

"முழுக்க ஹோஸாவே போட்டுடலாமுங்க தம்பி. ஜே.சி.பிக்குத் தாங்கறது இதுக்குத் தாங்காதா?"

அழுத்தத்துக்குத் தாங்கும். பிரேக் பைப்பில் 1000 பி.எஸ்.ஐக்கு மேல் போகும், கூலர் லைனில் பொதுவாக 100க்குள் அடங்கிவிடும். ஆனால் பிரச்சினை சூடு. அந்த லைன் சைலன்சர் பைப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் ஓடுகிறது. ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் பார்க்கச் சொன்னேன். கட்டைவிரலால் தூசியைத் தேய்த்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆர்1 என்ற ஹோஸ் ரகம், தாங்குவது நூறு டிகிரி. மலையேற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெயே நூறைத் தொடும். "அப்ப இரும்பே போடுவோம். இன்ஜின் ஆடற எடத்துல மட்டும் ஒரு முழம் ஹோஸ்" என்றார். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. இடையில் வளைந்து கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அதுதான் சரியான வழி.

அடுத்த சுற்றில் தோற்றது நான். நாங்கள் அங்கே செம்பு-நிக்கல் குழாய் போடுவோம், கையாலேயே வளையும், துருவே பிடிக்காது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் காதில் செம்பு மட்டும்தான் விழுந்தது. "ஃபிரிட்ஜ் பைப்பா? டீசல் இன்ஜின் அதிர்வுக்கு ஆறு மாசத்துல விரிசல் விடுமுங்க." வெறும் செம்பைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அதிர அதிர இறுகி உடையும். நிக்கல் கலந்தால் அந்தக் குணம் மாறும் என்று சொல்லிப் பார்த்தேன். "கண்ணுல காட்டுங்க, நம்பறேன்" என்றார். காட்ட என்னிடம் துண்டுகூட இல்லை.

10 எம்.எம் சீம்லெஸ் இரும்புக் குழாய் கோவையிலிருந்து மறுநாள் காலை பஸ்ஸில் வந்தது. ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, சாக்கு சுற்றி, கடைசி சீட்டுக்கு அடியில். கண்டக்டருக்கு ஐம்பது ரூபாய். நான்கு லிட்டர் கியர்பாக்ஸ் எண்ணெயும் அதே பஸ்ஸில். எண்ணெய் மட்டும் ஷோரூமில் கேட்டு வாங்கினோம். ஆட்டோமேட்டிக் எண்ணெயில் ரகம் மாறினால் கியர்பாக்ஸ் ஏற்காது, அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அவர் அளவெடுத்த விதத்தை நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய குழாய் இரண்டும் நசுங்கி நெளிந்திருந்ததால் அவற்றை நம்பவில்லை. வெல்டிங் ராடுகளைச் சுத்தியால் தட்டி மேல்பூச்சை உதிர்த்தார். முனைக்கு முனை பற்றவைத்து ஒரே நீளக் கம்பியாக்கினார். அதை வண்டிக்கு அடியில் கொண்டுபோய், கியர்பாக்ஸ் முனையிலிருந்து தொடங்கி, சட்டத்தை ஒட்டி விரலாலேயே வளைத்துக்கொண்டு முன்பக்கம் வரை வந்தார். எங்கெல்லாம் உரசுமோ அங்கே சாக்பீஸ் கோடு. சைலன்சர் பக்கத்தில் பழைய வழியை விட்டுவிட்டு இரண்டு விரல் உள்ளே தள்ளினார். அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம்தான் குழாயை வளைக்கும் பெண்டரில் மாட்டினார். ஒவ்வொரு வளைவுக்கும் கம்பியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் குறைவாகவே வளைத்தார். "கூட வளைச்சா நிமித்தறப்ப நசுங்கிரும்."

முனையில் டபுள் ஃபிளேர் அடித்தது அவர் பையன். குழாய் வாயை ஒரு முறை விரித்துவிட்டு, விளிம்பை உள்பக்கம் மடித்து இரண்டு அடுக்காக்குவது. ஒற்றை அடுக்கு இறுக்கும்போது விரிசல் விடும். நான்கு முனையும் அழகாக அடித்து முடித்துக் குழாயைத் தூக்கிக் காட்டினான். ஒரு நட்டு பெஞ்சிலேயே கிடந்தது. முதலில் கோர்த்துவிட்டுத்தான் ஃபிளேர் அடிக்க வேண்டும். மேஸ்திரி திட்ட வாய் திறந்தார். நான் இதே தப்பை மூன்று முறை செய்தவன் என்று சொன்னதும் மூடிக்கொண்டார். முனையை வெட்டி மறுபடி அடித்தான். போன ஒன்றரை அங்குலத்தை ஹோஸ் ஈடுகட்டியது.

குறையும் சொல்ல வேண்டும். குழாயை ஹாக்ஸாவால் அறுத்தார்கள். வெளிப்பக்கப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, கம்ப்ரஸரால் ஒரு ஊது, அவ்வளவுதான். உள்ளே ஒரு இரும்புத்தூள் இருந்தாலும் கியர்பாக்ஸின் வால்வுகளில் போய் அடைக்கும். நான் பிடிவாதம் பிடித்தேன். பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்துக் கம்பியில் கட்டி உருவினேன். வெளியே வந்தது கரி மாதிரி கறுப்பு. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது குழாயை அவரே உருவினார், இரண்டு தடவை.

பூட்டியதும் காற்றடைத்து சோப்பு நுரை பூசிப் பார்த்தோம், குமிழி இல்லை. கிளாம்ப் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர். எண்ணெய் அளவு பார்க்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது. இந்தக் கியர்பாக்ஸில் அளவுக்குச்சி கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகு, இன்ஜின் ஓடும்போதே அடைப்பைத் திறந்து, வழிந்து சொட்டாகக் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கோத்தகிரிக் குளிரில் அந்தச் சூடு ஏற, இரண்டு டீ ஆனது. சூட்டை, வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் வழியாக என் போனில் பார்த்தோம்.

மறுநாள் பாரத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினோம். எண்ணெய்ச் சூடு அதிகபட்சம் 97 டிகிரி. வழியில் அரவேணுவில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன், சொட்டு இல்லை.

கூலி, குழாய், ஹோஸ், கிளாம்ப் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். பில் கேட்டதற்கு டைரித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அந்த வெல்டிங் ராடு கம்பியை வண்டி நம்பர் எழுதிச் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டார். கிளம்பும்போது, "அடுத்த தடவை வர்றப்ப அந்தச் செம்புல ஒரு முழம் கொண்டாங்க தம்பி" என்றார். சூட்கேஸில் போட இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் மச்சான் போட்டோ அனுப்பினார். வண்டி அடியில் படுத்து எடுத்தது. நட்டு, ஃபிளேர், ஹோஸ் முனை எல்லாவற்றின் மேலும் செம்மண் தூசி, காய்ந்த தூசி.